வீட்டுத் தபாலகம்

பழைய கணினியொன்றைத் திருத்தி, வீட்டு மேசையின் கீழ் மின்னஞ்சல் வழங்கியாக அமர்த்திய நாளில் நாம் கொண்ட பெருமிதம் சிறிதன்று. நமது கடிதங்கள் இனிப் பிறர் கிடங்கிற் கிடக்க வேண்டியதில்லை. நமக்கு நாமே தபாலதிபர் என மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சிக்கு ஆதாரமும் இருந்தது. 1982இல் ஜோன் போஸ்ரல் வெளியிட்ட எஸ்.எம்.ரி.பி. என்னும் அஞ்சல் விதிமுறை எவரது தனிச்சொத்துமன்று. அதன்படி எந்தக் கணினியும் மற்றெந்தக் கணினிக்கும் கடிதம் சேர்ப்பிக்கலாம்.

ஆயின், வீதி நம்முடையதாயில்லை. கடிதம் வெளியேறும் 25ஆம் இலக்க வாயிலை இணைப்பு வழங்கிய கம்பனி அடைத்திருந்தது. கெஞ்சித் திறப்பித்தோம். மாறிக்கொண்டேயிருந்த இணைய முகவரியை நிலைப்படுத்த மாதந்தோறும் தனிக்கட்டணம் செலுத்தினோம். அனுப்புநர் இன்னாரென உறுதிசெய்யும் பதிவுகளையும் சேர்த்தோம்.

பின்னர், மாணவர் ஒருவருக்காகப் புலமைப்பரிசிற் குழுவொன்றுக்கு நற்சான்றுக் கடிதம் அனுப்பினோம். அது திரும்பி வரவில்லை, சேர்ந்ததென்றே நம்பினோம். இறுதித் திகதி கடந்தபின்பே, வேண்டா அஞ்சற் குவியலில் அது கிடந்தமை தெரியவந்தது. வீட்டு இணைப்பிலிருந்து வந்ததே அதன் குற்றம்.

கிருமி தொற்றிய வீட்டுக் கணினிகள் வேண்டா அஞ்சலை வெள்ளமாகக் கொட்டியமையாலேயே இக்காவல் எழுந்தது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், யாரைத் தடுத்தோம், ஏன் தடுத்தோம் என்று காவலாளி எவருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை என்பது எந்த நியாயம்? விதி பொதுவாயிருக்க, வாயில்கள் சில பெருங்கம்பனிகளின் கையில் இருக்கின்றன.

மாணவரிடம் மன்னிப்புக் கேட்டோம். நமக்கு வருங் கடிதங்களை அவ்வழங்கி இன்றும் ஏற்கிறது. பிறர் வாழ்வு தங்கியுள்ள கடிதத்தை மட்டும் நாம் அதனூடாக அனுப்புவதில்லை. ஒரு வீடு தனித்து நின்று வெல்லும் உரிமையன்று இது. பாடசாலைகளும் சங்கங்களும் கூடிக் கேட்கவேண்டும்.