அடித்துவிட்ட ஒரு வரி

போன மாதம் ஒரு நாள் காலை, ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் நடையை முடித்துவிட்டு வழக்கம்போல டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் பென்ஷன்காரர்கள். எங்கள் பேச்சு சர்க்கரை அளவில் தொடங்கி எங்கே போனாலும் கடைசியில் பென்ஷனில்தான் வந்து நிற்கும். அன்றும் அப்படித்தான் நின்றது. 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தோடு சேர்த்து மத்திய அரசு ஓய்வூதிய விதிகளைச் செல்லுபடியாக்கும் ஒரு பகுதியையும் நிறைவேற்றினார்கள் அல்லவா, அதைப் பற்றிய வாக்குவாதம். சட்டம் வந்தது 2025-இல். ஆனால் அது 1972 ஜூன் 1 முதலே இருந்ததாகக் கருதப்படுமாம். "இருக்கிற விதிகளை உறுதிப்படுத்துவதுதான், யாருடைய பென்ஷனும் மாறாது" என்று அரசு சொல்கிறது என்றார் ஒருவர். "மாறாது என்றால் ஐம்பத்துமூன்று வருஷம் பின்னாடி எதுக்குப் போகணும்?" என்று கேட்டார் இன்னொருவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. "என்ன சார், பிரெஞ்சுக்காரர் பேசாம இருக்கீங்க?" என்று கிண்டல் செய்தார்கள். "கருதப்படும்" என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. ஏன் என்று நண்பர்களிடம்கூட இதுவரை சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பள்ளிப் படிப்பு காரைக்காலில், பிரெஞ்சு வழியில் நடந்தது என்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அப்பா அங்கே கோர்ட்டில் குமாஸ்தா. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள், 1962-இல் சட்டப்படியும் ஊர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டு அலமாரியில் நெப்போலியன் காலத்து 'கோத் சிவில்' இருந்தது. அட்டை கிழிந்து, கோந்து போட்டு ஒட்டிய புத்தகம். வாசிக்கப் பழகட்டும் என்று அதன் முதல் பக்கத்தை அப்பா எனக்குக் கொடுப்பார். இரண்டாவது பிரிவே ரொம்பச் சின்னது. சட்டம் இனி வரப்போகும் காலத்துக்குத்தான், போன காலத்துக்கு அது செல்லாது என்பது அதன் சாரம்.

"இது என்னப்பா, தெரிஞ்ச விஷயம்தானே?" என்று கேட்டேன். அப்போது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா சிரித்தார். "சடுகுடு ஆடறப்போ ஆள் அவுட் ஆனதுக்கப்புறம் கோட்டைத் தள்ளிப் போட்டா ஒத்துப்பியா? அதைத்தான் எழுதி வச்சிருக்கான். தெரிஞ்ச விஷயத்தை எழுதி வைக்காட்டி பெரிய மனுஷனுங்க மறந்துடுவாங்க" என்றார்.

பிற்பாடு மாமா வீட்டோடு மதுரைக்கு வந்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, 1973-இல் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். எந்தத் துறை என்று சொல்ல வேண்டாம். அங்கே கடைநிலை ஊழியர் ஒருவர் இருந்தார். மேலூர்ப் பக்கத்துக்காரர். பெரியாறு கால்வாயின் கடைமடையில் அரை ஏக்கர் நிலம், கால்வாயில் தண்ணீர் விட்டால் ஒரு போகம். கள்ளந்திரிக்கு மேலே இருப்பவர்களுக்கு இரண்டு போகம், அதற்குக் கீழே இருந்த இவருக்கு ஒன்றுதான். என்னைவிடப் பெரியவர் என்பதால் 'அண்ணே' என்பேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். நான் மதுரைக்கு வந்த புதிதில் என் தமிழைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

அண்ணன் 1964-இலிருந்து பன்னிரண்டு வருஷம் தினக்கூலியாக இருந்தவர். நிரந்தரமாகி ஒன்பது வருஷம் வேலை பார்த்து 1985-இல் ஓய்வு பெற்றார். பென்ஷன் வாங்கக் குறைந்தது பத்து வருஷச் சேவை வேண்டும். தினக்கூலிக் காலத்தில் பாதியைச் சேர்க்கலாம் என்று எங்கள் துறையில் ஓர் உத்தரவு இருந்தது. ஒன்பதும் ஆறும் பதினைந்து என்றால் பென்ஷன் உண்டு. ஆனால் அலுவலகம் தர மறுத்தது. 1968-இல் அம்மை போட்டு இரண்டு மாதம் அவர் வரவில்லை, அதனால் சேவை அறுந்துவிட்டது என்றது. அறுந்தால் சேர்க்கக் கூடாது என்று உத்தரவில் ஒரு வரியும் கிடையாது.

அண்ணன் சென்னையில் தீர்ப்பாயத்துக்குப் போனார். அப்போது மதுரையில் உயர் நீதிமன்றக் கிளைகூட இல்லை, அது 2004-இல்தான் வந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸில், ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் போய்விட்டு வருவார். காசு புரட்ட முடியாதபோது அவர் சம்சாரத்தின் தோடு அடகுக்குப் போகும்.

வழக்கு நிலுவையில் இருந்தபோது, 1987-இல், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரைவு கருத்துக் கேட்டு வந்தது. அந்தப் பழைய உத்தரவுக்குத் திருத்தம். தினக்கூலிச் சேவை இடைவெளியே இல்லாமல் இருந்தால்தான் சேர்க்கப்படும், இந்தத் திருத்தம் 1.4.1980 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும் என்றது. அண்ணன் ஓய்வு பெற்றது 1985-இல். அவருடைய வழக்கையும் அதுபோன்ற இன்னும் சில வழக்குகளையும் மனதில் வைத்துத்தான் அந்தத் தேதியைப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டேன்.

அந்தக் கோப்பு என் மேஜைக்குத்தான் வந்தது. கருத்துக் குறிப்பு எழுத வேண்டியவன் நான். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இத்திருத்தம் நிலுவையில் உள்ள வழக்குகளுக்குப் பொருந்தாது எனச் சேர்ப்பது குறித்துப் பரிசீலிக்கலாம்.' எழுதி முடித்துவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மேல்நிலை எழுத்தர் பதவி உயர்வு வரவேண்டிய சமயம். இதை எழுதினால் மனுதாரருக்கு வேண்டியவன் என்று பெயர் வரும். ஒரு எழுத்தர் எழுதியா மேலே மாற்றப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த வரியை அடித்தேன். புதுத் தாள் செருகி, 'கருத்து ஏதுமில்லை' என்று டைப் அடித்து மேலே அனுப்பினேன்.

திருத்தம் வந்தது. தீர்ப்பாயத்துக்கான பதில் மனுவையும் நானே டைப் அடித்தேன். தீர்ப்பு ஒன்றரைப் பக்கம்: திருத்தப்பட்ட உத்தரவின்படி மனுதாரருக்கு உரிமை இல்லை, மனு தள்ளுபடி. அம்மை போட்டதையோ அந்தப் பன்னிரண்டு வருஷத்தையோ யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. அண்ணன் அலுவலகத்துக்கு வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீ என்ன தம்பி பண்ணுவ, டைப் அடிக்கிறவன்தான." அவருக்கு அந்த வரியைப் பற்றித் தெரியாது. நானும் சொல்லவில்லை. 1994-இல் இறந்துபோனார். பென்ஷனே இல்லாதவருக்குக் குடும்ப பென்ஷன் ஏது?

மூன்று வருஷம் கழித்து, 1997 ஜூலையில், ரயில்வே ஓட்டுநர்கள், கார்டுகள் சம்பந்தப்பட்ட ரங்கதாமையா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஓட்டப்படியில் 75 சதவீதம் வரை பென்ஷன் கணக்கில் சேர்க்கும் விதி ஒன்று இருந்தது. 1988 டிசம்பரில் போட்ட அறிவிப்பில் அதை 45 சதவீதமாகவும், 1979 ஏப்ரலுக்குப் பிறகான காலத்துக்கு 55 சதவீதமாகவும் குறைத்து, அதற்கு 1973 முதல் முன்தேதி கொடுத்திருந்தார்கள். அரசியலமைப்பின் 309-ஆவது பிரிவில் விதிகளுக்கு முன்தேதி கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டுதான். ஆனால் ஓய்வு பெற்ற அன்று ஒருவருக்குக் கிடைத்துவிட்ட உரிமையை அந்த அதிகாரத்தைக் கொண்டு பறிக்க முடியாது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். பேப்பரில் அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு செய்தி. பிரான்சில் அல்சாஸ்-மொசெல் பகுதியில் சமூகக் காப்பீட்டு அலுவலக ஊழியர்கள், எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள்தான், 1953-ஆம் வருஷத்து ஒப்பந்தப்படியான ஒரு படியைச் சரியாகக் கணக்கிட்டுத் தரவேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். வழக்குகள் நடந்துகொண்டிருக்கும்போதே 1994 ஜனவரியில் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்து, அந்தப் படியை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று முன்தேதியிட்டுத் தீர்த்துவிட்டது. அவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1999 அக்டோபர் 28-இல் தீர்ப்பு வந்தது. அரசும் ஒரு தரப்பாக நிற்கும் வழக்கில், முடிவைத் தனக்குச் சாதகமாக்க நடுவில் சட்டம் போடுவது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுவது, பொதுநலனுக்கு வலுவான காரணம் இருந்தாலொழிய அதை ஏற்க முடியாது என்றார்கள். எங்கள் அப்பா கோந்து போட்டு ஒட்டிய புத்தகத்தின் சொந்த நாட்டிலேயே இப்படி நடந்திருக்கிறது. பெரிய மனிதர்கள் மறந்துவிடுவார்கள் என்று அவர் சொன்னது எழுதி வைத்த பிறகும் பொருந்துகிறது.

மதுரைக்காரர்களுக்கு இது ஏட்டுச் சட்டம் அல்ல. முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2006 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து 136 அடிக்கு மேல் கூடாது என்றது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு போட்ட வழக்கு எட்டு வருஷம் நடந்தது. 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். அணைக்குக் கீழே குடியிருப்பவர்களின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாட்சியம் பார்த்து நீதிமன்றம் தீர்மானித்த ஒன்றை, வழக்கில் ஒரு தரப்பாக இருந்தவர்களே சட்டம் போட்டு மாற்றிவிட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்று பதில் வந்தது. அந்த எட்டு வருஷத்தில் அண்ணனுடைய கடைமடையை நினைக்காமல் நான் பேப்பர் வாசித்ததில்லை.

இப்படி எழுதுகிறவன் நியாயமாகவும் பேச வேண்டும். முன்தேதி எல்லாமே தவறு என்று சொன்னால் என் பாஸ்புக்கே என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஏழாவது ஊதியக் குழுவை 2016 ஜூன் கடைசியில் ஒப்புக்கொண்டு ஜனவரி 1 முதல் கணக்குப் போட்டு அரியர்ஸ் கொடுத்தபோது, 'இது பின்னோக்கிப் போகிறதே' என்று எங்கள் பெஞ்சில் ஒருவரும் வருத்தப்படவில்லை. ஒரு சட்டத்தில் ஓட்டை இருந்து நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டினால், அந்த ஓட்டையை அடைத்து முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்க சட்டமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் உச்ச நீதிமன்றம் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. தீர்ப்பே செல்லாது என்று வெறுமனே அறிவிக்கத்தான் கூடாது. குற்ற வழக்கில் மட்டும் கோடு தெளிவாக இருக்கிறது: செய்த அன்று குற்றமாக இல்லாததற்குப் பிற்பாடு தண்டிக்க முடியாது, அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு அது. பென்ஷன், நிலம், வரி போன்ற வழக்குகளில் அப்படிப்பட்ட சுவர் இல்லை. அதனால்தான் அங்கே கோடு அடிக்கடி நகர்கிறது.

என் அனுபவத்தில் ஒரு முன்தேதியைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அது கொடுக்கிறதா, பறிக்கிறதா? பறிக்கிறது என்றால், அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவரே நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பாகவும் நிற்கிறாரா? இரண்டாவதுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், அங்கே நீதிபதி வெறுமனே கூட்டல் கணக்குப் போடுகிறவர் ஆகிவிடுகிறார். மனுதாரர் ராத்திரி முழுக்க ரயிலில் நின்றுகொண்டு போய் இறங்குவதற்குள் வழக்கு வேறெங்கோ முடிந்துபோயிருக்கும்.

நான் அந்த வரியை அடிக்காமல் விட்டிருந்தாலும் மேலே யாராவது அடித்திருப்பார்கள். இதை ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனாலும், கோப்பில் இருந்திருந்தால் அண்ணனின் வக்கீல் என்றாவது ஒருநாள் அதைக் கேட்டு வாங்கி நீதிபதி முன்னால் வைத்திருக்கலாம்.

இப்போதெல்லாம் பெஞ்சு நண்பர்கள் மனு எழுத என்னிடம் வருகிறார்கள். எந்தத் திருத்தத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டாலும், யார் கேட்டாலும், முதல் வரியாக நான் எழுதுவது அதே வரிதான். அப்படியே விட்டுவிடுகிறேன், அடிப்பதில்லை.