சீட்டு கிடைத்த பிறகு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து போன் வரத் தொடங்கும். "அண்ணே, எந்தக் கோர்ஸ் நல்லது?" என்று கேட்பவர்கள் குறைவு. "என்னென்ன சர்டிபிகேட் வாங்கணும்?" என்பதுதான் முதல் கேள்வி. வீட்டில் கேட்டுச் சொல்ல ஆளில்லை.

தமிழ்நாட்டில் உதவிகள் இல்லாமல் இல்லை. முதல் பட்டதாரி சான்று இருந்தால், கவுன்சலிங்கில் பொறியியல் சேருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவருக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2022இல் புதுமைப்பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என மாதம் 1000 ரூபாய் திட்டங்களும் வந்துவிட்டன.

சிக்கல் தேதியில் இருக்கிறது. மெஸ் அட்வான்ஸ், லேப் கோட், பஸ் காசு எல்லாம் கல்லூரி திறந்த வாரமே வேண்டும். உதவித்தொகை சரிபார்ப்பு முடிந்து மெதுவாக வரும். நடுவில் அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போகிறது.

இன்னொன்று, முதல் பட்டதாரி சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது. அக்கா இன்னும் மூன்றாம் ஆண்டுதான் படிக்கிறாள், அப்பா இன்னும் கொத்து வேலைக்குத்தான் போகிறார்.

இந்த விதிகளை மாற்ற நம்மால் உடனே முடியாது. ஆனால் உங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் இப்போதே கேளுங்கள்: வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எல்லாம் தயாரா? இல்லையென்றால், அந்தப் பிள்ளையோடு ஒருநாள் இ-சேவை மையத்துக்குப் போய்வாருங்கள்.