வீட்டுக்கொரு பிரிண்டர்

2022 மார்ச் 20, ஞாயிறு

தாள் இல்லையாம். மேல் மாகாணத்தில் தொடங்க இருந்த தவணைப் பரீட்சையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அப்பா செய்தியைக் கேட்டுச் சிரித்தார். தொண்ணூறுகளில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த நேரம் 'உதயன்' பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் வந்ததை அவர் வாசித்தவர். "கொழும்புக்கு இப்பதான் தெரியுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கு இந்த வருடம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில். கடந்தகால வினாத்தாள் எல்லாம் வட்ஸ்அப்பில் வந்து குவிகிறது. போனில் பார்த்துக் கணக்குச் செய்யச் சொன்னால் பிள்ளை பத்து நிமிடத்தில் வேறெங்கோ போய்விடுகிறாள். டவுன் கொமினிகேஷன் கடையில் ஒரு பக்கம் அடிக்கிற விலை கிழமைக்குக் கிழமை ஏறுகிறது.

மார்ச் 31

பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை.

ஏப்ரல் 10

அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய பிரிண்டரை இறக்கினோம். கார்ட்ரிஜ் போடுகிற சாதி. திருத்துகிற தம்பி வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரீச்சர், இது அச்சடிச்சுக்கொண்டிருக்கேக்க கரண்ட் போயிருக்கு" என்றான். எப்படித் தெரியும் என்றேன். சுவிட்சை அமத்தி நிப்பாட்டினால் தலை ஓரத்துக்குப் போய்த் தன் மூடிக்குள் ஒதுங்குமாம். கரண்ட் திடீரென்று போனால் நடுவழியில் நின்றுவிடும். துளைகள் வெளிக்காற்றில் கிடந்து மை இறுகும். கிளிநொச்சி வெக்கைக்கும் புழுதிக்கும் அதிக நாள் தேவையில்லை.

ஈரப் பஞ்சை மடித்து அதன்மேல் கார்ட்ரிஜை வைத்தான். கொஞ்ச நேரத்தில் கறுப்பு ஊறியது, பிறகு சிவப்பு. நீலம் கடைசிவரை வரவேயில்லை. "இதுக்குப் புதுக் கார்ட்ரிஜ் வாங்கிற காசுக்கு நீங்கள் வேற யோசிக்கலாம்."

அந்த வியாபாரமே அப்படித்தானாம். பிரிண்டரை மலிவாய்த் தந்துவிட்டு மையில் உழைப்பார்கள். பெட்டியோடு வருகிற முதல் கார்ட்ரிஜில் பலவேளை அரைகுறைதான் இருக்கும். எச்பி 680 கறுப்பு ஏறத்தாழ 480 பக்கம் என்று போட்டிருக்கிறது. அதுவும் பக்கத்தில் ஐந்து வீதம் மட்டும் எழுத்து இருந்தால். வினாத்தாளில் படம் இருக்கும், கட்டம் இருக்கும்.

ஏப்ரல் 24

அண்ணா ரொறன்ரோவில் இருந்து எடுத்தான். அங்கே மலிவு விற்பனையாம். "ஒண்டு வாங்கிப் பெட்டியில போட்டுவிடுறன் தங்கச்சி." ஆசையாய்த்தான் இருந்தது. திருத்துகிற தம்பியிடம் கேட்டால் தலையை ஆட்டுகிறான். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதைக்கூடச் சமாளிக்கலாம். சில கொம்பனிகள் பிரிண்டரை நாட்டுப் பிரிவுக்குப் பூட்டி வைத்திருக்கின்றன. இங்கே விற்கிற கார்ட்ரிஜை அது ஏற்காது. பிறகு மைக்கும் அண்ணாவைத்தான் கேட்க வேணும்.

காசாய் அனுப்பச் சொன்னேன். கொஞ்சம் கோபம் அவனுக்கு.

மே 18

முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினோம்.

மே 22

டொலர் 360. மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாய் இருந்தது. கடைக்காரர் விலை சொல்ல முதல் போனைப் பார்க்கிறார்.

லேசர் நல்லது என்கிறார்கள். மை இல்லை, பொடி. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காயாது. ரோனர் ஒன்று ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் பக்கம் இழுக்கும். தாளில் பொடியைச் சூட்டால் உருக்கி ஒட்டுகிறபடியால் தண்ணீர் பட்டாலும் எழுத்து ஓடாது. ஆனால் அந்தச் சூட்டுக்கு நூற்றுக்கணக்கான வாட் ஒரேயடியாய் வேணும். வீட்டில் கிடக்கிற சின்ன யூபிஎஸ் கத்திவிட்டுச் செத்துப்போகும். மை பிரிண்டருக்கு ஒரு பல்ப் அளவு கரண்ட் போதும். கரண்ட் வருகிற நேரத்தை நம்பி வாழ்கிற காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

அப்போ மிச்சம் தாங்கி வைத்தது. 2010இல் எப்சன் இந்தோனேசியாவில் முதலில் விட்டதாம். அங்கே கடைக்காரர்கள் தாங்களாகவே பிரிண்டருக்குப் பக்கத்தில் போத்தல் கட்டி, குழாய் செருகி மை ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். கொம்பனி அதைப் பார்த்துத் தானே தாங்கியை வைத்து விற்றது. எங்களைப் போல ஆக்கள் செய்த வேலைதான். அவர்களின் 003 கறுப்புப் போத்தல் 65 மில்லிலீற்றர், 4,500 பக்கம். பிரிண்டர் விலை கூட, மை மலிவு.

கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாழைச்சேனை ஆலையில் முந்தி வைக்கோலில் தாள் செய்தவர்கள் என்றார். "இப்ப வைக்கோலுக்கு எங்க போறது? போன போகம் உரமும் இல்லை, நெல்லும் இல்லை."

ஜூலை 4

பெற்றோல் இல்லை. பள்ளிக்கூடங்கள் பூட்டு. மகளுக்குக் கொண்டாட்டம்.

ஜூலை 24

வாங்கியாச்சு. அண்ணாவின் காசு. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபடியால் மோட்டார்சைக்கிளுக்குக் கொஞ்சம் பெற்றோல் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏ9 வழியே வந்தேன்.

நாலு போத்தல். தாங்கிக்குள் மை இறங்குகிறதை மகள் கண்ணாடிப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மொடலில் கறுப்பு, நிறத்துகள் கலந்த மை, தண்ணீருக்குத் தாக்குப் பிடிக்கும். கலர் மூன்றும் சாய மை, பளிச்சென்று இருக்கும், நனைந்தால் ஓடும், வெயிலில் மங்கும். தம்பி சொன்ன சட்டம்: கிழமைக்கு ஒருதரம் நாலு கலரும் வருகிற பக்கம் ஒன்று அடி. தலையைக் கழுவுகிற பொத்தானைச் சும்மா சும்மா அமத்தாதே, ஒவ்வொரு கழுவலுக்கும் மை போகும், அந்த மை எல்லாம் அடியில் இருக்கிற பஞ்சை நிரப்பும். நிப்பாட்டுகிறது சுவிட்சில், செருகியில் இல்லை.

ஓகஸ்ட் 9

பக்கத்து வீட்டு மாமி வந்தா. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுகிற போராட்டத்துக்கு வெள்ளிக்கிழமை இரண்டாயிரமாவது நாளாம். 2017 பெப்ரவரி 20 கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய நாளில் இருந்து அவ அந்தக் கொட்டிலில் இருக்கிறவ. மகனின் படத்தைப் புதிதாய் எடுத்துத் தர முடியுமோ என்றா.

கையில் வைத்திருந்தது எங்கேயோ ஒரு கடையில் பெருப்பித்து லமினேற் பண்ணியது. வருடக்கணக்கில் வீதியோர வெளிச்சத்தில் இருந்து சிவப்பெல்லாம் போய், முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. ஒரு மூலையில் லமினேற் விட்டுத் தண்ணீர் புகுந்து சேட்டின் கலர் கழுத்துவரை ஏறியிருந்தது. மூலப் படம் தீப்பெட்டி அளவு. 2009இல் பொலித்தீனில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வந்தது. செட்டிகுளம் முகாமில் பதிவுக்கும் அதைத்தான் காட்டினவவாம்.

ஸ்கான் பண்ணினேன். கறுப்பு வெள்ளையில் சாதாரணத் தாளில் ஒன்று அடித்துக் காட்டினேன். இது கறுப்பு மை மட்டும் மாமி, மழை பட்டாலும் ஓடாது என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தா.

"சேட்டு நீலம் பிள்ளை."

கலரில் அடித்தேன். பிறகு மனம் கேட்காமல், இதுவும் பழையது மாதிரித்தான் மங்கும், ஸ்ரூடியோவில் படத்தாளில் கழுவி எடுத்தால் கனகாலம் நிற்கும், காசை நான் குடுக்கிறேன் என்றேன்.

"எத்தினை வருசம் நிக்கும்?"

"இருபது, முப்பது வருசமும் நிக்கும் மாமி."

"அவ்வளவுக்கு எனக்கேன்?" என்றா. கலர்த் தாளை விசிறி விசிறிக் காயவைத்துக்கொண்டு போனா.

பிரிண்டர் வாங்க முதல் எத்தனை பக்கம், என்ன விலை என்று ஒரு கொப்பி நிறைய எழுதிப் பார்த்தேன். இந்தக் கேள்வி அதில் இல்லை.

ஓகஸ்ட் 12

கூட்டத்தில் தூரத்தில் மாமியைக் கண்டேன். நீலச் சேட்டு தெரிந்தது.

ஒக்ரோபர் 2

வீடு கொமினிகேஷன் ஆகிவிட்டது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பேமிற். எல்லாருக்கும் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு வேணும். ஒருக்கால் எல்லாவற்றையும் தொலைத்த சனம் ஒரு கொப்பியோடு திருப்திப்படாது. "ஒண்டு வீட்டை, ஒண்டு தங்கச்சி வீட்டை, ஒண்டு போனுக்குள்ள" என்று எண்ணிச் சொல்கிறார் ஒரு ஐயா. காசு வாங்க மனமில்லை; முருங்கைக்காயும் முட்டையும் வருகிறது. இவருக்கு எரிச்சல். "முட்டையை ஊத்தி ஓடுமோ பிரிண்டர்?"

சரியான கேள்விதான். தாள் விலையைப் பார்த்தால் எனக்கும் நித்திரை வராது.

நவம்பர் 13

மாரி மழை. ஈரத்துக்குத் தாள் இரண்டு இரண்டாய் இழுபடுகிறது. தாள் கட்டை உடைத்தால் பொலித்தீனில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்க வேணும் என்று இப்போது விளங்குகிறது. சோதனைப் பக்கத்தில் நீலக் கோடுகளில் இடைவெளி. கழுவினேன். இடைவெளி இடம் மாறியது, போகவில்லை. மகளின் வினாத்தாள் கறுப்பில்தானே என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 17, சனி

நாளைக்குப் பரீட்சை. மகள் பென்சில்களைத் தீட்டி வரிசையாய் வைத்துவிட்டு எட்டு மணிக்கே படுத்துவிட்டாள். இனி அடிக்க வினாத்தாள் ஒன்றும் இல்லை.

பின்னேரம் மாமி வந்துவிட்டுப் போனா. படத்தில் மழைத் தண்ணீர் பட்டுவிட்டதாம், இன்னொன்று வேணுமாம். நீலம் சரியாய் வராது மாமி, பொறுங்கோ என்றேன். "அவசரமில்லை" என்றா.

நீல மைத் தாங்கி அடியில் நிற்கிறது. திரும்பத் திரும்பக் கழுவ அது காணாது. கடையில் வேறு கொம்பனி மை பாதி விலைக்கு இருக்கிறது. ஊற்றினால் துளை அடைபடலாம் என்கிறான் தம்பி, அடைபடாமலும் ஓடலாமாம். இவர், பரீட்சை முடியுது, இனி ஏன் அதற்குச் செலவழிக்கிறாய் என்கிறார்.

கொம்பனி மைக்கே தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கொழும்பிலும் தட்டுப்பாடாம். தைப்பொங்கலுக்கு முதல் வந்தால் பார்ப்பம் என்றான்.