பக்கத்து ஊரிடம் தோற்றால் கோச்சை மாற்றணுமா? வெள்ளகோவில் முருங்கைத் தோட்டம் சொல்லும் பதில்!

கோவையிலிருந்து கரூர், திருச்சிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு வெள்ளகோவில் என்பது பத்து நிமிட ஊர். பல்லடம், காங்கேயம் தாண்டி பஸ் நிற்கும். ஒரு டீ, ஒரு வடை. கண்டக்டர் விசில் ஊதினால் மறுபடியும் சாலை.

இறங்கி நடந்தால்தான் ஊர் தெரியும். திருப்பூர் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில், காய்ந்த மேட்டு நிலத்தில் இருக்கிறது இந்த நகராட்சி. 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும் வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. ஒரு தெருவில் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம், அடுத்த தெருவில் எண்ணெய் ஆலை வாசம். மாசி மாத மகா சிவராத்திரிக்கு வீரக்குமாரசுவாமி கோயில் தேர் ஓடும்போது சுற்றுப்பட்டு ஜனம் மொத்தமும் இங்கேதான் இருக்கும்.

பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தின் கடைமடையும் இதுதான். வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று அண்ணாந்து பார்த்தே பழகிய விவசாயிகள், குறைந்த தண்ணீரில் தாக்குப்பிடிக்கும் முருங்கையை நம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய்ச் சந்தைக்கு மூலனூர் பக்கமிருந்தெல்லாம் கட்டுக் கட்டாகக் காய் வந்து இறங்குவது அதனால்தான்.

சாயங்காலமானால் கபடி

கொங்கு மண்ணில் கிரிக்கெட்டுக்கு இணையாக நின்று விளையாடுகிற ஆட்டம் கபடி. பொங்கல் வந்தால், கோயில் நோம்பி வந்தால், ஊருக்கு ஊர் ஃபோகஸ் லைட் கட்டி ராத்திரி முழுக்க மேட்ச் நடக்கும். சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, மைக்கில் வர்ணனை என்று களை கட்டும்.

அதில் வெளியூர் டீமிடம் தோற்றால் பெரிய வருத்தம் இல்லை. பக்கத்து ஊரிடம் தோற்றால்தான் பிரச்னை. மறுநாள் காலை டீக்கடையில் விசாரணை ஆரம்பித்துவிடும். "ஏனுங்ண்ணா, மறுக்காவும் தோத்துப்போட்டீங்களாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அடுத்த கேள்வி பயிற்சியாளரைப் பற்றியதாகத்தான் இருக்கும். "ஆளை மாத்தீர வேண்டியதுதானுங்க!"

அந்தப் பயிற்சியாளர் பெரும்பாலும் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. பள்ளி பி.டி. மாஸ்டராகவோ, முன்பு நன்றாக ஆடிய ஊர் அண்ணனாகவோ இருப்பார். வேலை முடிந்து வந்து பசங்களுக்கு கணுக்கால் பிடி சொல்லிக்கொடுப்பார். அவரை மாற்றுவதா, வேண்டாமா? இந்தக் கேள்வி வெள்ளகோவிலுக்கு மட்டும் உரியதில்லை.

ஒரு லட்சம் பேர் கேட்ட கேள்வி

அமெரிக்காவில் ஓஹையோ ஸ்டேட், மிச்சிகன் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள். இரண்டும் அடுத்தடுத்த மாநிலங்கள். இவர்கள் ஆடுவது நம்மூர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட, எதிரணி மடக்கிக் கீழே சாய்க்கும் ஆட்டம். கபடியின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2024 நவம்பர் 30-ம் தேதி சொந்த ஊரான கொலம்பஸில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னால், ஓஹையோ ஸ்டேட் 10-13 என்று மிச்சிகனிடம் தோற்றது. அந்த சீசனில் தடுமாறிக்கொண்டிருந்த மிச்சிகனை சுலபமாக ஜெயித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி அது. பயிற்சியாளர் ரயன் டேயை அனுப்பிவிடுங்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

நிர்வாகம் அனுப்பவில்லை. ஆனால், ஆட்டம் மாறியது. மிச்சிகனுக்கு எதிராக, அடைபட்டுக் கிடந்த நடுப்பகுதியிலேயே திரும்பத் திரும்ப ஓடிப்பார்த்து மாட்டிக்கொண்ட அணி, அடுத்த ஆட்டத்தில் பந்தைத் தூரமாக வீசத் தொடங்கியது. ஜெரமையா ஸ்மித் போன்ற திறமையான இளைஞர்கள் கையில் பந்து போய்ச் சேர்ந்தது. டென்னசி அணியை 42-17 என்று வீழ்த்தியது. 2025 ஜனவரி 20-ம் தேதி இறுதிப்போட்டியில் நோட்ர டேம் அணியை 34-23 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் அதே ரயன் டேதான்.

தலைவாஸ் எடுத்த முடிவு

அப்படியானால் கோச்சை மாற்றவே கூடாதா? நம்ம தமிழ் தலைவாஸ் கதை வேறு மாதிரி.

2017-ல் புரோ கபடி லீக்குக்கு வந்த தலைவாஸ், முதல் நான்கு சீசன்களிலும் ப்ளே-ஆஃப் சுற்றை எட்டவில்லை. 2022-ல் பெங்களூரு புல்ஸின் நட்சத்திர ரெய்டர் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. முதல் மேட்ச்சிலேயே முழங்காலில் அடிபட்டு, சீசன் முழுக்க அவர் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரிலேயே பக்கத்து மாநில எதிரியான பெங்களூரிடம் பெரிய தோல்வி. பாதி வழியில் பயிற்சியாளர் உதயகுமார் விலக, ஆஷன் குமார் வந்தார்.

கையில் இருந்தது பெரும்பாலும் இளைஞர் பட்டாளம். நரேந்தர் ரெய்டுக்குப் போனார், சாகர், சாஹில் எல்லாம் பிடியில் நின்றார்கள். பவன் இல்லாமலேயே தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி வரை போனது. ஆனால் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அடுத்த சீசனில் அதே ஆஷன் குமார் இருந்தும் ப்ளே-ஆஃப் கிடைக்கவில்லை. புது ஆள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது.

கவாத்தா, புதுக் கன்றா?

இங்கேதான் வெள்ளகோவில் தோட்டம் கைகொடுக்கிறது. செடிமுருங்கையில் ஒரு பருவம் காய்த்து ஓய்ந்ததும் பிடுங்கிப் போட மாட்டார்கள். தரையிலிருந்து சுமார் மூன்றடி விட்டு வெட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் கவாத்து. பார்க்க மொட்டையாக நிற்கும். சில மாதங்களில் புதுக் கிளை விட்டு மறுபடியும் காய்க்கும். இரண்டு, மூன்று வருடங்களுக்குப் பிறகு காய்ப்பு குறைந்தால்தான் பழைய செடியை எடுத்துவிட்டுப் புதிதாக நடுவார்கள்.

ஓஹையோ செய்தது கவாத்து. தலைவாஸ் செய்தது புது நடவு. இரண்டுமே அந்தந்த நேரத்தில் பலன் தந்தன. சந்தையில் விலை விழுந்த ஆத்திரத்தில் எந்த விவசாயியும் அன்றைக்கே அரிவாளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவதில்லை. கிளையில் கோளாறா, வேரில் கோளாறா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்.

கிராமத்து டீமுக்கு இந்த நிதானம் இன்னும் அதிகம் தேவை. தலைவாஸுக்கு ஒரு பயிற்சியாளர் போனால் இன்னொருவர் வருவார். சம்பளம் இல்லாத ஊர் அண்ணன் மனம் நொந்து ஒதுங்கிவிட்டால், அந்த இடத்துக்கு வர ஆள் இருக்காது. மாலை நேரப் பயிற்சி நின்றுபோகும். கபடியால் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும், அரசு வேலையில் 3 சதவிகித விளையாட்டு ஒதுக்கீடும் கிடைக்கும் என்று காத்திருக்கும் பையன், ப்ளஸ் டூ முடித்த கையோடு தறிக்குப் போய்விடுவான். பக்கத்து ஊரிடம் தோற்றதைவிட ஊருக்குப் பெரிய நஷ்டம் அதுதான்.

பயிற்சியாளர் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. தோற்ற ஆட்டத்தையே அடுத்த முறையும் ஆடிவிட்டு, நேரம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எந்த ரெய்டர் களைத்துப்போனான், எந்த கார்னர் அவசரப்பட்டுப் பாய்ந்தான் என்று பசங்களோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

அடுத்த முறை கரூர் பஸ் வெள்ளகோவிலில் நிற்கும்போது கொஞ்சம் இறங்கிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் முருங்கைக்காய்க் கட்டுகளையும், சாயங்காலமாக இருந்தால் தொடை தட்டிக் கிளம்பும் பையன்களையும் பார்க்கலாம். போன வாரம் தோற்றிருந்தாலும், "கால் புடிடா சாமி, கையை வுட்றாத!" என்று ஒரு அண்ணன் ஓரத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தால், அந்த ஊர் நல்ல முடிவு எடுத்திருக்கிறது என்று அர்த்தம்.