கொத்தமல்லியை எப்போது போடுவது

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டார் உணவு ஆலோசகரான என்னிடம் முதலில் கேட்பது, "ரத்தம் ஊற என்ன கொடுக்கலாம்மா?" என்பதுதான். பீட்ரூட், மாதுளை, பேரீச்சை என்று பட்டியலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சிலருடைய பையில் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கும். அதை டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள் என்பேன். கீமோ காலத்தில் இவர்களுக்குப் பலமுறை ரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஒவ்வொரு யூனிட்டிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளில் வெளியேற்றுவதோ சுமார் 1 மில்லிகிராம். மிஞ்சுவது கல்லீரலிலும் இதயத்திலும் படியும். ரத்தம் ஊறாததற்குக் காரணம் சோற்றில் இல்லை, எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது.

எதிர்ப்புச் சக்தியும் அப்படித்தான். நியூட்ரோஃபில் அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போய்விட்டால், "கவுண்ட் இறங்கிடுச்சு" என்பார்கள் வார்டில். அதை ஏற்றிவிடும் சாறோ கஷாயமோ கிடையாது. சீந்தில்கொடி குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள். சில வகை ரத்தப் புற்றுக்குத் தரும் இமாடினிப் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட்டைத் தொடக்கூடாது, அது ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். அதன் நெருங்கிய சொந்தமான பம்பளிமாசையும் சேர்த்தே நிறுத்தச் சொல்கிறேன்.

அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன வேலை? தசை கரையாமல் காப்பது, கிருமியை நாமே ஊட்டிவிடாமல் இருப்பது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். ரசம் சோறும் கஞ்சியுமாகப் பத்தியம் போட்டால் எங்கே எட்டும்? கெட்டிப் பருப்பு, நன்றாக வெந்த மீன், கோழி, முழுதாக வெந்த முட்டை எல்லாம் வேண்டும். ஆஃப் பாயில் மட்டும் கூடாது.

கிருமி விஷயத்தில்தான் நம் சமையலைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சாம்பார் தளதளவென்று கொதிக்கும், அதில் பயமில்லை. இறக்கிய பிறகு தூவுகிற பச்சைக் கொத்தமல்லியில்தான் வம்பு. பொங்கல்மேல் தூவும் மிளகுத்தூளும், மோரில் கலக்கும் பெருங்காயத்தூளும் அதே கணக்கு. கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள், மணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஆவியில் வெந்த இட்லி தங்கம். கூட வரும் தேங்காய்ச் சட்னி பச்சை, அதற்குப் பதில் தக்காளியும் வெங்காயமும் வதக்கி அரைத்து மறுபடி கொதிக்க வைத்த சட்னி.

தயிரும் கொதிக்காததுதான், ஆனால் அதை நிறுத்தினால் பாதிப் பேருக்குச் சாப்பாடே இறங்காது. கவுண்ட் இறங்கிய நாட்களில் அவர்களுக்கு மோர்க்குழம்பு சொல்லித்தருகிறேன். வழக்கமாக நுரை கட்டியதும் இறக்கிவிடுவோம். இவர்களுக்கு நன்றாகக் கொதிக்க வேண்டும். ஊறவைத்த துவரம்பருப்பையும் கொஞ்சம் பச்சரிசியையும் நைசாக அரைத்துச் சேர்த்தால் அவ்வளவாகத் திரியாது. பருப்பின் புரதமும் லாபம்.

பச்சையை விலக்குவதால் தொற்று குறைகிறதா என்று ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 153 ரத்தப் புற்று நோயாளிகளிடம் சோதித்து 2008-இல் எழுதியது. சமைத்ததை மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் பெரிய தொற்றுகள் குறையவில்லை. ஆனால் நம் தண்ணீரும், மதியம்வரை மேடையில் கிடக்கும் சோறும் வேறு. அதனால் நான் பச்சையை இன்னும் முழுதாக அவிழ்த்துவிடவில்லை. தடைப் பட்டியலை நீட்டுவதும் இல்லை. தோலோடு கழுவி உரித்த வாழைப்பழம், ஆரஞ்சு தாராளமாகச் சாப்பிடலாம். பயந்து பயந்து எடை குறைந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று. நான் கறாராக இருப்பது கடிகாரத்தில்தான். ஆக்கிய சோறு 2 மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்தால் நோயாளிக்கு வேண்டாம். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸின் நஞ்சு, சுட வைத்தாலும் போகாது. காலையில் கட்டிப் பேருந்தில் வரும் கேரியர் இந்தக் கணக்கில் தோற்றுவிடும். வார்டுக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துச் சமைக்க முடிந்தால் நல்லது.

கோயில் பிரசாதத்தோடு வருகிற பாட்டிகளிடம் வாதம் செய்வதில்லை. திருநீறு நெற்றிக்கு, தீர்த்தம் வேண்டாம், அவ்வளவுதான்.

ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் கதை தலைகீழ். பசி கொல்லும், நடு ராத்திரியில் பிள்ளைகள் பரோட்டா கேட்டு அழும். சர்க்கரை அளவு இடம் கொடுத்தால் வீட்டிலேயே போட்டுக் கொடுங்கள் என்கிறேன். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு, கொதிக்கக் கொதிக்க முட்டைச் சால்னா. வெங்காயப் பச்சடி மட்டும் கிடையாது.