பிடிப்பதும் விடுவதும்

பிரிஸ்பேனில் செப்டம்பர் பிறந்துவிட்டால், பாம்பு பிடிப்பவனான என் கைப்பேசி ஓயாது. இங்கே அப்போதுதான் வசந்தம். குளிருக்கு ஒடுங்கிக் கிடந்த பாம்புகள் வெயில் காய வெளியே வரும். ஆண் பாம்புகள் துணை தேடி அலையும். கிழக்கே மோர்ட்டன் விரிகுடா, மேற்கே டகிலார் மலைத்தொடர், நடுவில் இந்த நகரம். ஓடைக் கரைகளைப் பிடித்துக்கொண்டு காடு ஊருக்குள்ளேயே வருகிறது. தி கேப், கென்மோர், புரூக்ஃபீல்டு பகுதிகளில் பல வீடுகளின் பின்வேலியைத் தாண்டினால் புதர்க்காடுதான். அங்கிருந்துதான் எனக்கு அதிகம் அழைப்பு வரும்.

அழைப்பவர்களில் பெரும்பாலோர் சொல்லும் முதல் வார்த்தை, "பிரவுன்." அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பங்கு ஈஸ்டர்ன் பிரவுன் பாம்பினால் நேர்வது. ஆனால் நிறத்தை நம்பி இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. அந்தப் பாம்பே வெளிர்ந்த வைக்கோல் நிறத்திலிருந்து ஏறக்குறையக் கறுப்பு வரை எந்த நிறத்திலும் வரும். குட்டிக்குத் தலையிலும் பிடரியிலும் கரும்பட்டை இருக்கும். சில குட்டிகளுக்கு உடம்பு நெடுகவே வரி ஓடும். விஷமே இல்லாத மரப்பாம்பும் சில சமயம் பழுப்பாக இருக்கும். அதனால் நான் நிறத்தை விட்டுவிட்டு வேறு கேள்விகள் கேட்பேன். தரையில் கிடக்கிறதா, கிளையில் ஏறியதா? உங்களைக் கண்டதும் என்ன செய்தது? தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடியுமா? பிறகு, குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பச் சொல்வேன். ஒருவர் மட்டும் எட்ட நின்று, நான் வரும்வரை பாம்பின் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. சாமான்களுக்கு நடுவே நழுவிவிட்ட பாம்பைத் தேடுவதுதான் இந்த வேலையிலேயே கடினமானது.

கார் ஷெட்டில் பிரவுன் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போனவுடன் நான் கொக்கியை நீட்ட மாட்டேன். அந்தப் பாம்புக்குக் கூர்மையான பார்வை. நம் அசைவு ஒவ்வொன்றையும் கவனிக்கும். நெருக்கினால் கழுத்தைத் தட்டையாக்கி, உடம்பை எஸ் போல வளைத்து நிமிரும். அந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்தால் பாம்புக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. பயந்த பாம்பு இருட்டான பொந்தைத்தான் தேடும். சுவர் ஓரமாக ஒரு குழாயை வைத்து, அதன் மறுமுனையில் பையின் வாயைக் கட்டிவிடுவேன். எதிர்ப்பக்கம் போய் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், அது சுவரை ஒட்டி ஊர்ந்து வந்து தானாகக் குழாய்க்குள் நுழையும். சுற்றி நிற்பவர்களுக்கு இதில் பார்க்க ஒன்றும் இருக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பாம்பைப் பார்க்காமலே அடையாளம் சொல்ல வேண்டிய நாட்களும் உண்டு. கூரையிலிருந்து எடுத்த பாம்புச் சட்டையைக் கையில் கொடுத்து, "இது என்ன?" என்பார்கள். அதை விரித்து முதலில் தலைப்பகுதியைத் தேடுவேன். பெரிய தகடுகளாகச் செதில் இருந்தால் கார்பெட் மலைப்பாம்பு இல்லை. உச்சியில் பொடிப்பொடியாகச் செதில் நிறைந்து, வயிற்றுச் செதில் உடம்பின் அகலத்துக்குக் குறுகலாக இருந்தால் மலைப்பாம்பு. பிறகு நடு உடம்பில் குறுக்கே வரிசைகளை எண்ணுவேன். ஈஸ்டர்ன் பிரவுனுக்கு 17 வரிசை; கார்பெட் மலைப்பாம்புக்கு 40க்கு மேல் போகும். தேரையைத் தின்னும் சாதுவான கீல்பேக்குக்கு 15. பார்வைக்கு அதைப் போலவே இருந்து ஆளைக் கொல்லக்கூடிய சொரசொரப்புச் செதில் பாம்புக்கு 23. உயிரோடு இருக்கும்போது இந்த இரண்டையும் நிறத்தால் பிரிக்க முயல்வது உயிரோடு விளையாடுவது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? பெயர் தெரிந்தால்தான் அந்தப் பாம்பைப் பிடிப்பதா, விடுவதா என்று முடிவு செய்ய முடியும். இங்கே எனக்கு வரும் அழைப்புகளில் மிகுதி கார்பெட் மலைப்பாம்புக்குத்தான். இரண்டு மீட்டருக்கு மேல் வளரும், விஷம் கிடையாது. ஓட்டுக்குக் கீழே வெதுவெதுப்பும் எலியும் இருப்பதால் கூரைக்குள் குடியேறும். கோழிக் கூண்டுக்குள் புகுந்தாலோ, சின்ன நாய், பூனை இருக்கும் வீட்டில் அலைந்தாலோ எடுத்துவிடுவேன். வெறும் கூரையில் கிடந்தால், விட்டுவிடுங்கள் என்பேன். அதை எடுத்தாலும் எலி அங்கேயே இருக்கும். எலி இருக்கும்வரை இன்னொரு பாம்பு வரும். தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் அதற்குச் செய்யும் உதவி ஆகாது. தண்ணீர் எங்கே, ஒளியும் இடம் எங்கே என்று தெரியாமல் அலையும். அதனால் பிடித்தே ஆக வேண்டிய பாம்பையும் பக்கத்திலுள்ள புதர்க்காட்டில்தான் விடுகிறோம். குயின்ஸ்லாந்தின் 1992ஆம் ஆண்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி இங்குள்ள பாம்புகள் பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் பிடிக்கவும் கூடாது, கொல்லவும் கூடாது.

ஒருமுறை மதுரைக்கார அம்மா ஒருவர், மகன் வீட்டு முற்றத்தில் மரப்பாம்பைக் கண்டு நடுங்கிப்போய் நின்றார். "தம்பி, அது கொம்பேறிமூக்கன்ப்பா. கடிச்சுட்டுச் சுடுகாட்டுப் புகையப் பாத்துட்டுத்தான் இறங்கும். அடிச்சுப் போடுங்க" என்றார். நம்மூர்க் கொம்பேறிமூக்கனும் இந்த மரப்பாம்பும் ஒரே பேரினம். உருவத்திலும் உறவு தெரியும். "ஆமாம்மா, அதோட சொந்தம்தான். ரெண்டுக்குமே விஷம் கிடையாது. தவளை, பல்லி தின்னும், அவ்வளவுதான்" என்றேன். அது கிளையில் கழுத்தை உப்பினபோது செதில்களுக்கு நடுவே நீலப்புள்ளிகள் தெரிந்தன. அம்மா இரண்டடி முன்னால் வந்து பார்த்தார். பையைத் திறக்காமலே கிளம்பினேன்.

விடச் சொல்லும் உரிமை, ஆபத்தை மறைக்காதவருக்குத்தான் உண்டு. அதனால் எந்த வீட்டிலும் முதலுதவியைச் சொல்லிக்கொடுக்காமல் வர மாட்டேன். ஈஸ்டர்ன் பிரவுன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். பல் தடமும் கீறல் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் குலைத்துவிடும். கடிவாயைக் கழுவாமல், அகலமான எலாஸ்டிக் கட்டை அதன் மேல் சுற்றி, கை அல்லது கால் முழுவதையும் சுளுக்குக்குக் கட்டும் இறுக்கத்தில் கட்ட வேண்டும். அதை மரச்சட்டம் வைத்து அசையாமல் நிறுத்த வேண்டும். கடிபட்டவரை நடக்க விடாமல் அவசர உதவி எண்ணான 000க்கு அழைக்க வேண்டும். விஷம் நிணநீர் வழியாகப் பரவுவதைத் தாமதப்படுத்தும் இந்த முறையை 1970களின் இறுதியில் விஷ ஆய்வாளர் ஸ்ட்ருவான் சதர்லேண்ட் வகுத்தார். இது ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கானது. விரியன் இனம் இங்கே இல்லை. கடித்த இடம் வீங்கிச் சதை அழுகும் விரியன் கடிக்கு இதை ஊரில் யாரும் அப்படியே பின்பற்றக் கூடாது என்பதையும் தமிழ் வீடுகளில் மறக்காமல் சொல்வேன்.

தொழில் கற்க என்னோடு வரும் இளைஞர்களிடம் கொக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறேன். முதலில் பாம்பின் பெயரைச் சொல்ல வேண்டும்; எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எடுப்பதா விடுவதா என்ற பேச்சு. குழந்தைகள் ஆடும் முற்றத்தில் பிரவுன் கிடந்தால் அந்த நிமிடமே எடுத்தாக வேண்டும். மரப்பாம்பு அதன் கிளையில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே அவசரத்தோடு பையில் போட்டுக்கொண்டு வருபவருக்குக் கை பழகியிருக்கலாம். தொழில் இன்னும் பிடிபடவில்லை.