எனக்குத் தமிழ் சரியா வராது

போன வருடம் அண்ணனுக்குப் பெண் பேசினார்கள். பெண் திருச்சிப் பக்கம். சிங்கப்பூரில் அண்ணனோடு வேலை செய்பவர். இரண்டு குடும்பமும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காணொலி அழைப்புக்கு ஏற்பாடானது. அம்மா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, பகாவ் தாமான் வீட்டின் முன்கூடத்தில் கைப்பேசிக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா மடை திறந்த மாதிரி பேசினார். அங்கே வெயிலா மழையா, கோயில் பக்கத்திலயா, கல்யாணத்தை எங்கே வைக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அம்மா எல்லாவற்றுக்கும் ‘ம்’, ‘நல்லதுங்க’, ‘சரிங்க’ என்றார். நடுவில் ஒருமுறை ‘மகிழ்ச்சிங்க’ என்றார். அம்மா வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை.

பகாவ் பாசாரில் அம்மா மீன் வாங்குவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சீனத் தவுக்கேயிடம் பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சண்டை போட்டு இரண்டு வெள்ளி குறைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் பழைய தோட்டத்து ஆட்களிடம் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் திரும்புவார். அப்படிப்பட்டவர் ‘மகிழ்ச்சிங்க’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

அழைப்பு முடிந்ததும் கேட்டேன். ‘ஏம்மா ஒன்னுமே பேசல?’

‘எனக்குத்தான் தமிழ் சரியா வராதுல்ல பாப்பா. நான் என்னத்தயாச்சும் சொல்லி, அவுங்க சிரிச்சிட்டாங்கன்னா? அண்ணனுக்குத்தான அசிங்கம்.’

அம்மாவுக்கு வயது 59. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். மலாய், கடைக்கும் கிளினிக்குக்கும் போதுமான அளவு. திட்டுவது, கும்பிடுவது, கணக்குப் போடுவது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் தமிழில்தான். வேறு மொழியில் வாழத் தெரியாத ஒருவர் தனக்குத் தமிழ் சரியாக வராது என்கிறார். அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதைப்போல ஒரு தகவலாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன். நாம பேசுறது எப்படிப்பட்ட பேச்சு?

லாரி ஓட்டும் மாமா சொன்னார்: ‘நம்மளது ரோஜாக்குலா. எல்லாத்தையும் போட்டுக் கலக்குனது.’ தமிழ்ப்பள்ளியில் படிக்கும் மாமா மகள், ‘அது கொச்சைக்கா. கட்டுரைல எழுதுனா மார்க் போயிரும்’ என்றாள். பக்கத்து வீட்டு அத்தை, ‘எஸ்டேட் பேச்சு, வேற என்னா’ என்றார். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘நம் மக்கள் இன்னும் திருத்தமாகப் பேசப் பழகவில்லை’ என்றார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். எல்லாப் பெயரும் ஏதோ ஒன்று குறைவதைத்தான் சொன்னது.

வேறு மாதிரி பதில் சொன்னவர் ஒரே ஒருவர்தான். எங்கள் வரிசைக் கடைசி வீட்டுப் பாட்டி, எண்பதைத் தாண்டியவர். ‘பேச்சுல என்னா எப்படி? வாயத் தொறந்தா வருது’ என்றார் முதலில். பிறகு அவராகவே ஆரம்பித்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழ் லயத்து ஆட்கள் எதற்கெடுத்தாலும் ‘ஏனுங்க, வாங்க’ என்பார்களாம், சேலம் பக்கத்து ஆட்கள். மேல் லயத்தில் ஒரு வரிசை முழுக்கத் தெலுங்கு. பெரிய கிராணி யாழ்ப்பாணத்தார், அவர் பேசினால் பாதி புரியாது. சின்னக் கிராணி மலையாளி. ‘அவுங்கவுங்க புள்ளைங்க எல்லாம் ஆயாக் கொட்டாயில ஒன்னாத்தான் கெடக்கும். சாயந்தரம் வூட்டுக்குப் போவயில எல்லாம் ஒரே பேச்சாப் பேசும்.’

எத்தனையோ பக்கத்தில் எழுத வேண்டியதைப் பாட்டி ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர்களைப் பெருமளவில் கொண்டுவந்தவர்கள் கங்காணிகள். தன் ஊருக்கே திரும்பிப் போய், தன் சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் ஆள் திரட்டி வருவதுதான் கங்காணி முறை. அதனால் ஒரு லயம் என்பது ஏறக்குறைய ஒரு கிராமத்தின் துண்டாகவே இருந்திருக்கிறது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பல பக்கத்துப் பேச்சு அருகருகே வந்து இறங்கியது. 1938இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அதன் பிறகு புதிதாகக் கூட்டம் வரவில்லை. இருந்த பேச்சுகள் ஒன்றோடொன்று உரசி, மலாயோடும் உரசி, ஒன்றாகின. எங்கள் பேச்சு கெட்டுப்போன தமிழ் அல்ல. ஆயாக் கொட்டாயில் பிள்ளைகள் செய்த தமிழ்.

அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். ரப்பர் எங்களுக்குக் கித்தா. அது மலாயின் ‘கெத்தா’. சாலை, சடக்கு. மோட்டார் வண்டி, காடி. இரண்டும் இந்துஸ்தானி. கால்சட்டை, சிலுவார். அது மலாய், மலாய்க்கு அது பாரசீகத்திலிருந்து வந்தது. காலணி, சப்பாத்து. அது போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கியது. காலையில் சாப்பிடுவது பசியாறுவது. ‘பசியாறியாச்சா?’ என்றுதான் அம்மா எந்தத் தொலைபேசி அழைப்பையும் தொடங்குவார்.

இந்த இடத்தில் ஒரு வழக்கமான சமாதானம் உண்டு. ‘பசியாறு என்பது எவ்வளவு அழகான சொல்! தமிழ்நாட்டில் பலர் மறந்ததை நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம்’ என்று மேடைகளில் சொல்வார்கள். கைதட்டல் கிடைக்கும். நானும் தட்டியிருக்கிறேன். இப்போது அது எனக்குப் போதவில்லை. பசியாறு பிழைத்துவிடும். சடக்கு என்ன செய்யும்? காடிக்கும் சிலுவாருக்கும் யார் சான்றிதழ் கொடுப்பார்கள்? தமிழ்நாட்டில் இருப்பதால்தான் ஒரு சொல் சரி என்றால், மூன்று தலைமுறை இங்கே பால் வெட்டி வாழ்ந்தது எந்தக் கணக்கில் சேரும்?

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இன்னொரு வட்டார வழக்கும் உண்டு. அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்கள் மினாங்கபாவ் வழியினர். அவர்கள் மலாய் பேசினால் பல இடங்களில் ‘ஆ’ என்று முடிவது ‘ஓ’ ஆகிவிடும். ‘என்ன’ என்பதற்குக் கோலாலம்பூரில் ‘ஆப்பா’ என்றால், குவாலா பிலாவிலும் பகாவிலும் ‘ஆப்போ’. ‘எங்கே’ என்பது ‘மானா’ அல்ல, ‘மானோ’. மாநிலத்தின் பெயரே ‘நோகோரி’. தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் உட்கார்ந்து, இடைநிலைப்பள்ளிக் கேண்டீனில் வரிசையில் நின்று நான் கற்றது இந்த மலாய். கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என்னையறியாமல் ஒரு ‘மானோ’ விழுந்தது. எதிர் மேசை மலாய்க்காரப் பெண் எழுந்தே வந்துவிட்டாள். ‘ஓராங் நோகோரி?’ அவளும் எங்கள் பக்கம்தான். அன்று மதியச் சாப்பாடு அவள் செலவு. இன்றுவரை நாங்கள் இருவரும் வேண்டுமென்றே அந்த ‘ஓ’வை இழுத்துப் பேசுவோம். அலுவலகமே ரசிக்கும்.

ஒரே ஊர். ஒரே வாய். அந்த வாயிலிருந்து வரும் மலாய்க்கு ‘லோகாட்’ என்று ஒரு மரியாதையான பெயர் இருக்கிறது. வட்டார வழக்கு என்று அர்த்தம். அதே வாயிலிருந்து வரும் தமிழுக்குப் பெயர் ‘தப்பு’.

அதை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு குரல் பதிவுக்கூடத்துக்காரர். எனக்கு அப்போது 23 வயது. விளம்பரங்களுக்குப் பின்னணி பேச ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, ‘குரல் நல்லா இருக்கு. ஆனா எஸ்டேட் வாடை அடிக்குதும்மா’ என்றார். கோபமாகக்கூட இல்லை. அன்பாகத்தான் சொன்னார். பேருந்தில் திரும்பும்போது என் சட்டையை முகர்ந்து பார்க்கத் தோன்றியது.

அன்றிலிருந்து என்னைத் துலக்க ஆரம்பித்தேன். சென்னைத் தொலைக்காட்சித் தொடர்களைப் போட்டு, நடிகைகளோடு கூடவே பேசிப் பழகினேன். நாக்கை மடித்து மடித்து ழகரம் வந்தது. ‘எடம்’ இடம் ஆனது. ‘லா’ போனது. சடக்கை எடுத்துவிட்டு ‘ரோடு’ போட்டேன். காடியை எடுத்துவிட்டு ‘கார்’. சிலுவாருக்குப் பதில் ‘பேன்ட்’. சப்பாத்துக்குப் பதில் ‘ஷூ’. இப்போது இந்தப் பட்டியலை எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. இந்துஸ்தானியையும் மலாயையும் போர்த்துகீசியத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆங்கிலத்தை வைத்திருக்கிறேன். இதைத்தான் சுத்தத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தேடியது சுத்தத்தை அல்ல. சென்னை மாதிரி ஒலிப்பதை.

அதோடு நின்றிருந்தால் அது என் பாடு. அம்மாவையும் திருத்தினேன்.

‘மா, சடக்கு இல்ல, ரோடு.’ ‘மா, பளம் இல்ல, பழம். எங்க, சொல்லுங்க.’ ‘அந்த லாவ விடுங்கம்மா, கேக்கவே ஒரு மாதிரி இருக்கு.’ விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை கோலாலம்பூரில் என் தோழிகள் முன்னாலும் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, காணொலி அழைப்புக்குப் பிறகு, எங்கள் வாட்ஸ்அப் உரையாடலை மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். முன்பெல்லாம் அம்மாவிடமிருந்து தினமும் இரண்டு மூன்று குரல் செய்திகள் வரும். கோழி முட்டை வைத்தது, மாமா கோபித்துக்கொண்டது, மழை. பிறகு அவை குறைந்து, ஓரிடத்தில் நின்றே போயிருந்தன. அதற்குப் பிறகு ரோஜாப்பூ போட்ட ‘காலை வணக்கம்’ படங்கள். அம்மா ஸ்டிக்கர் அனுப்பக் கற்றுக்கொண்டார் என்று நான் பெருமைப்பட்ட காலம் அது. அவர் பேசுவதை நிறுத்திய காலம் என்று எனக்கு உறைக்கவில்லை.

2015இல் வந்த ‘ஜகாட்’ படத்தைப் பின்னாளில் வீட்டில் போட்டுப் பார்த்தோம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. மலாயில் ‘ஜாஹாட்’ என்றால் கெட்டவன். அதைத் தோட்டத்து வாய் சொன்னால் ‘ஜகாட்’. அந்தத் ‘தவறான’ உச்சரிப்பையே தலைப்பாக வைத்த படத்துக்குத்தான் 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருது கிடைத்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் கதை. படம் ஓடிய பத்தாவது நிமிடத்தில் அம்மா சொன்னார்: ‘இவுங்க என்னா பாப்பா, நம்ம மாதிரியே பேசுறாங்க? படத்துல இப்படிப் பேசலாமா?’ அனுமதி கேட்பது போன்ற அந்தக் கேள்வியை அன்று நான் சிரித்துக் கடந்துவிட்டேன். தோட்டத்துப் பேச்சைத் தன் கதைகளில் எழுதிய சீ. முத்துசாமிக்கு 2017இல் தமிழ்நாட்டிலிருந்து விஷ்ணுபுரம் விருது வந்தபோது மகிழ்ச்சியாகப் பகிர்ந்தவளும் நான்தான். பகிர்ந்த அதே வாரம் அம்மாவின் ‘வூட்ட’ வீடாகத் திருத்தியும் இருப்பேன்.

சென்ற மாதம் ஒரு முடிவுக்கு வந்தேன். அலுவலகம் விட்டு வரும் வழியில், நெரிசலில் நின்றுகொண்டு, அம்மாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். ‘மா, பசியாறியாச்சா? சடக்குல ஒரே ஜாமுலா. காடி நகரவே மாட்டேங்குது.’ அனுப்பிவிட்டு நானே ஒருமுறை கேட்டேன். எங்கோ இடித்தது. ‘லா’ தேவையில்லாத இடத்தில் விழுந்திருந்தது. மாலையில் யாரும் பசியாறியாச்சா என்று கேட்பதில்லை, அது காலைக்கு. என் பேச்சை நானே நடித்துக் காட்டியது போல இருந்தது.

இரண்டு நீல டிக். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பல மாதங்களுக்குப் பிறகு அம்மாவின் குரல் வந்தது. ஏழு விநாடி.

‘ஏம்பாப்பா, என்னய மாதிரி பேசிக் காட்டுறியா?’

வண்டியை ஓரங்கட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். இல்லம்மா, கேலி இல்லம்மா என்று சொன்னேன். அம்மா நம்பினாரா என்று தெரியவில்லை. பேச்சை மாற்றி, செம்பனைக் காட்டுப் பக்கம் யானை வந்ததாக மாமா சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து. ‘சாலையில நின்னுச்சாம்’ என்றார். அம்மா சாலை என்றார்.

கல்யாணம் சித்திரையில். சம்பந்தியம்மா நேரில் பகாவ் வருகிறார்.